கயிறு போகட்டும், பாட்டை விடாதீர்கள்

உடப்பு முதல் கற்பிட்டி வரை கரைவலை இழுக்கிறவர்களுக்கும், இழுத்து ஓய்ந்தவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, தம்பிமாரே, வாடியில் மீன் பிரிக்கும் அக்காமாரே,

இந்தக் கடிதம் மீன் விலை பற்றியதல்ல, எண்ணெய் மானியம் பற்றியதுமல்ல. அவற்றைக் கேட்க உங்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. யாரும் மனுக் கொடுக்காத ஒரு சங்கதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது அம்பாப் பாட்டு.

அம்பா என்றால் என்னவென்று உடப்புக்காரருக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் இதைக் கொழும்பிலும் கண்டியிலும் இருந்து படிப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பு, நடுவில் கிடக்கும் மணல் நிலம் உடப்பு. தோணி போய் வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டுக் கரைக்கு வரும். வலையின் இரண்டு கையிலிருந்தும் நீளும் கயிறுகளை இரண்டு அணி பிடித்துக்கொண்டு, குதிகாலை மணலில் புதைத்துப் பின்னோக்கி அடிவைக்கும். கயிற்றின் கடைசியில் நிற்பவர் தன் முறை முடிந்ததும் கைவிட்டு, ஈர மணல் வரை நடந்துபோய் முதல் ஆளாக மறுபடி பிடிப்பார். முன்பாட்டுக்காரர் ஓரடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே குரலில் பதில் போடுவார்கள். அந்தப் பாட்டுத்தான் அம்பா, அந்தப் பதிலில்தான் இழுப்பு. வலை தூரத்தில் இருக்கும்போது பாட்டு நிதானமாக நடக்கும். இரண்டு அணியும் ஒன்றையொன்று நெருங்க நெருங்க அதற்கு வேகம் பிடிக்கும். வலையின் மடி கரையைத் தொடும் நேரத்தில் அது பாட்டா அதட்டலா என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது.

இப்போது வலை இழுக்கும் பல பாடுகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் அந்தக் கயிற்றைச் சுற்றி எடுக்கிறது. வின்ச் சரியா பிழையா, கடலடியைக் கெடுக்கிறதா, அனுமதி கொடுக்கலாமா என்ற வழக்கில் நான் தலைநுழைக்கவில்லை. முதுகு விட்டுப்போன மனிதரிடம் போய், கையாலேயே இழுங்கள், அதுதான் பண்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. மின்விசிறிக்குக் கீழே இருந்து அப்படி எழுதுகிறவர்கள் ஒரு தடவை மத்தியான வெயிலில் கயிற்றைப் பிடித்துப் பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

ஆனால் வின்ச் வந்த இடத்தில் இழுப்போடு சேர்ந்து பாட்டும் போய்விட்டது. எஞ்சின் இரைச்சலுக்கு யார் பதில் போட முடியும்? தொழில் இலகுவானது, நல்லது. பாட்டு அந்தத் தொழிலுக்கு மட்டுமே உதவியது என்று நினைத்து அதையும் கரையில் விட்டுவிட்டோமே, அது நல்லதல்ல. அது மீனுக்காக மட்டும் பாடிய பாட்டு இல்லை. உங்கள் நெஞ்சுக்கும் முதுகுக்கும் மனதுக்கும் அது வேலை செய்துகொண்டிருந்தது. அண்மைக் கால ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க எனக்கு இது உறுதிப்படுகிறது.

முதலில் கயிற்றுக்கு மிக நெருங்கிய ஒன்றைச் சொல்கிறேன். 2010இல் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ள படகோட்டும் அணியினர் 12 பேரை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தண்ணீரில் அல்ல, உடற்பயிற்சிக் கூடத்தில், துடுப்பு வலிக்கும் இயந்திரத்தில் நடந்த சோதனை. ஒரு நாள் ஒவ்வொருவரும் தனியே வலித்தார்கள், இன்னொரு நாள் அணியாக ஒரே தாளத்தில் வலித்தார்கள். முடிந்ததும் பிரஷர் பார்க்கிற பட்டியைக் கையில் சுற்றிக் காற்றடித்து இறுக்கி, வலி தாங்கவில்லை என்றால் சொல்லுங்கள் என்றார்கள். தனியே என்றாலும் சேர்ந்து என்றாலும் செய்த வேலை ஒன்றுதான். ஆனாலும் சேர்ந்து வலித்த நாளில் அவர்கள் தாங்கிய வலி தெளிவாகக் கூடியிருந்தது. உடம்பு தானாகச் சுரக்கும் எண்டோர்ஃபின் என்ற வலி மறக்கடிக்கும் பொருள், தாளம் சேரும்போது கூடுதலாகச் சுரக்கிறது என்பது அவர்களுடைய கணிப்பு. ராபின் டன்பாரும் கூட்டாளிகளும் 2012இல் இதையே பாட்டுக்கும் மேளத்துக்கும் ஆட்டத்துக்கும் சோதித்தார்கள். செய்தவர்களுக்கு வலி தாங்கும் சக்தி உயர்ந்தது. இசையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்களுக்கு அப்படி உயரவில்லை.

பாட்டில்லாத நாளில் கயிறு கனக்கும் என்பது உங்கள் அப்பாமாருக்கு ஒக்ஸ்ஃபோர்ட் சொல்லித் தெரிய வேண்டிய சங்கதி இல்லை. ஆனால் இதில் நாம் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. சோதனைக்கூடத்தில் இழுபட எதுவும் இல்லை. துடுப்பு வலித்தார்கள், படகு எங்கும் போகவில்லை. பலன் மட்டும் உடம்பில் தங்கியது. ஆகவே வலை இல்லாமலும் அம்பாவால் உங்களுக்கு நன்மை செய்ய முடியும்.

அடுத்தது மூச்சு. இந்தக் கரையில் கத்தோலிக்கர் வீடுகளில் மாலையானால் செபமாலை சொல்லும் குரல் கேட்கும். தலவில புனித அன்னம்மாள் திருவிழாக் காலத்தில் கூடாரத்துக்குக் கூடாரம் அது கேட்கும். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 2001இல் 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை சொல்லவைத்தும், ஒரு பௌத்த மந்திரத்தைச் சொல்லவைத்தும் அவர்களுடைய மூச்சையும் இதயத்தையும் அளந்தார்கள். சும்மா இருக்கும்போது நமக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு ஓடும். செபமாலையிலும் மந்திரத்திலும் அது ஏறத்தாழ 6க்கு இறங்கியது. மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒத்து அசைந்தன. இதயத்துக்கு அது நல்ல அறிகுறி. செபத்தின் பாதியை ஒருவர் சொல்ல, மீதிப் பாதியை மற்றவர்கள் சொல்லுகிற அந்த ஒழுங்கு தானாகவே மூச்சை நீட்டிவிடுகிறது. 2013இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்ந்து பாடவைத்துப் பார்த்தபோது, பாட்டின் அடிகள் மூச்சை வழிநடத்த, இதயத் துடிப்புகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

அம்பாவின் நடை செபமாலையைவிட வேகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டமைப்பு ஒன்றுதான். ஒருவர் எடுக்கிறார், அந்த இடைவெளியில் மற்றவர்கள் மூச்சு வாங்குகிறார்கள், பிறகு எல்லோரும் ஒன்றாக விடுகிறார்கள். கோயில் பஜனையிலும், புத்தளத்தில் முஸ்லிம்கள் ராத்திபு ஓதுகிற இடத்திலும் இதே ஒழுங்குதான். நம்முடைய முன்னோர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் ஒரே மாதிரித்தான் மூச்சு விட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிட வேண்டும். அம்பாவை நாம் காப்பாற்றவில்லை என்று யாரும் சொல்ல முடியாதாம். தமிழ்த்தினப் போட்டியில் மேடையேறுகிறது. பிள்ளைகள் புதுச் சாரம் கட்டி, தலையில் துண்டு சுற்றி, இல்லாத கயிற்றை இழுக்கிறார்கள். ஒலிவாங்கி ஒருவனுக்கு, மற்றவர்கள் வாயசைப்பு. கீழே ஊர்ச்சனம் கதிரையில் உட்கார்ந்து பார்க்கிறது. பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை, சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் படும் பாடும் தெரியும். ஆனால் பாட்டைத் தெரிந்த அறுபது, எழுபது வயது மனிதர் பார்வையாளர் வரிசையில் வாய்மூடி இருக்கிறார் என்றால் அங்கே ஏதோ தலைகீழாகிவிட்டது. ஃபிராங்ஃபர்ட் நகரில் ஒரு பாடகர் குழுவை வைத்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. எச்சிலில் இருக்கும் ஒருவகை நோய் எதிர்ப்புப் புரதத்தை அளந்தார்கள். அவர்கள் பாடிய நாளில் அது கூடியது. அதே இசையை உட்கார்ந்து பதிவில் கேட்ட நாளில் கூடவில்லை. கோயில் ஒலிபெருக்கியும் கைபேசியும் எவ்வளவு நல்ல பாட்டைத் தந்தாலும் நம் வாயை அவை திறக்கப்போவதில்லை.

இனி, கயிற்றை விட்டுவிட்டு வீட்டுத் திண்ணையில் இருப்பவர்களிடம் வருகிறேன். இந்த மடலின் பெரும்பகுதி உங்களுக்குத்தான். கரைவலையில் ஒரு வயதுக்கு மேல் பெலன் குறைந்தவருக்கும் கயிற்றில் இடம் இருந்தது. இழுப்பில் பாதிதான் கொடுத்தாலும் பாட்டில் முழுதும் கொடுத்தார். நல்ல முன்பாட்டுக்காரர் என்றால் பங்கில் குறை வைக்கவும் வலைக்காரச் சம்மாட்டிக்கு மனம் வராது. வின்ச்சுக்கு முன்பாட்டுக்காரர் தேவையில்லை. ஆகவே முதலில் வீட்டுக்குப் போனவர்கள் நீங்கள்தான். விடியற்காலையில் பழக்கத்தில் விழித்துவிடுகிறீர்கள், போவதற்கு இடமில்லை. பேச்சுக் குறைகிறது, பசி குறைகிறது, சிலருக்குக் குடி கூடுகிறது. பிள்ளைகள் இதை வயசாகிவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தின் கிழக்குக் கென்ட் பகுதியில் 60 வயதைத் தாண்டிய 258 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை வாரம் ஒருமுறை 14 வாரம் சேர்ந்து பாடவைத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல இருந்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. மூன்றாம் மாதத்தில் பாடியவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. ஆறாம் மாதத்தில், பாட்டு நின்று சில காலம் ஆன பிறகும், மனநலத்தில் அவர்கள் முன்னேதான் நின்றார்கள். ஆனால் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. விட்டுவிட்டால் பலனும் மெல்ல விட்டுப்போகும் என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் இன்னும் பெரிதாக, 390 முதியவர்களை வைத்து, 12 முதியோர் நிலையங்களில் செய்தார்கள். ஆறு மாதம் பாடிய பிறகு தனிமை குறைந்தது, வாழ்க்கையில் பிடிப்புக் கூடியது. ஞாபகசக்தியிலோ கால் பலத்திலோ மாற்றம் தெரியவில்லை. அதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அதனால்தான் அந்த ஆய்வில் எனக்கு நம்பிக்கை.

நானும் மறைக்காமல் சொல்கிறேன். பாட்டுச் சீனி வருத்தத்தை மாற்றாது. பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டு அம்பா பாடப் போனால் கோளாறு உங்களிடம்தான். வேல்ஸ் நாட்டில் புற்றுநோயாளரும் அவர்களைப் பராமரிப்போரும் உட்பட 193 பேர் ஒரு மணி நேரம் சேர்ந்து பாடியபோது, மன அழுத்தத்தோடு சம்பந்தப்பட்ட கோர்ட்டிசோல் குறைந்ததாக 2016இல் எழுதினார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பாட்டுப் புற்றுநோயைக் குணமாக்கும் என்று யாராவது வீடியோ போட்டால் நம்பாதீர்கள். சேர்ந்து பாடுவதில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020 மார்ச் 10ஆம் திகதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு மண்டபத்துக்குள் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், கொரோனா தொற்றியதாகக் கணக்கிட்டது 53 பேர், இறந்தவர்கள் இரண்டு பேர். காய்ச்சல், இருமல் காலத்தில் கூடாதீர்கள். மற்றக் காலத்தில் உங்களுக்குக் கடற்காற்று இருக்கிறது. அடைத்த மண்டபத்தைத் தேட வேண்டாம்.

அக்காமாரே, அம்பா ஆண்களின் பாட்டு, எங்களுக்கென்ன என்று விலகாதீர்கள். மீன் பிரிக்கும் இடத்திலும் கருவாடு காயவைக்கும் இடத்திலும் கேட்டுக் கேட்டு உங்களுக்குப் பாதிக்கு மேல் மனப்பாடம் என்பது எனக்குத் தெரியும். பிள்ளை பெற்ற பிறகு மனம் சோர்ந்துபோன 134 தாய்மாரை வைத்து இங்கிலாந்தில் செய்த ஆய்வு 2018இல் வந்தது. கைக்குழந்தையோடு கூடிப் பாடிய தாய்மாரில் கடுமையான சோர்வு இருந்தவர்கள் மற்றவர்களைவிட விரைவாக, ஆறாவது வாரத்திலேயே, தேறத் தொடங்கினார்கள். நம் ஊரில் தாலாட்டு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை ஒருத்தி தனியே, இரவில், அழும் பிள்ளையோடு பாடுகிறாள். நாலு தாய்மார் கூடிப் பாட ஓர் இடம் வேண்டும்.

இதை எப்படிச் செய்வது என்று பார்க்க நீங்கள் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. புத்தளம் நகரத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் இருக்கிறார்கள். பிரித்தானியர் காலத்துப் படைகளில் சேவை செய்தவர்களின் வழிவந்தவர்கள் பலர் அங்கே உண்டு. முன்பு வீட்டில் பேசிய போர்த்துக்கேயக் கலப்பு மொழி இன்று பேச்சில் ஏறத்தாழ இல்லை. சிங்களம்தான் பேசுகிறார்கள். ஆனால் மஞ்ஞா என்ற அவர்களுடைய பாட்டில் அந்த மொழி நிற்கிறது. ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, இரண்டு சிரட்டை, ஒரு மேளம், அவ்வளவுதான். மெதுவாகத் தொடங்கிப் போகப் போக வேகம் எடுக்கும், கிழவியும் எழுந்து ஆடுவாள். படையும் போய்விட்டது, பேச்சு மொழியும் போய்விட்டது, பாட்டு மட்டும் ஏன் தங்கியது? அதை அவர்கள் வேலைக்காகவோ போட்டிக்காகவோ வைத்திருக்கவில்லை. கூடினால் பாடுவது என்று வைத்திருந்தார்கள். நாம் பாட்டைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தோம்.

கூடிப் பாடுவது பற்றி ஒக்ஸ்ஃபோர்ட் குழு 2015இல் இன்னொன்றும் எழுதியது. ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாலை வகுப்புகளில் ஏழு மாதம் கூடினார்கள். சிலர் பாட்டு வகுப்பு, சிலர் கைப்பணி, சிலர் எழுத்து. ஏழாம் மாதம் எல்லா வகுப்பிலும் சிநேகம் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் பாட்டு வகுப்பில் அது முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் இந்த மாவட்டத்தில் குடியேறி இத்தனை வருடங்கள் ஆகியும், அவர்களில் சிலரை இன்னும் "அகதி" என்று அடையாளம் சொல்கிற வாய்களை நான் கேட்டிருக்கிறேன். ஒரே கரையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களக் கத்தோலிக்கர் எல்லோரும் வலை வளைக்கிறீர்கள். பாட்டு இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று சொல்லமாட்டேன். முதல் மாதத்தில் கிடைக்கக்கூடிய சிநேகத்தை முப்பது வருடம் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன்.

என் யோசனை சிறியது. சோளகக் காற்று எழும்பிக் கடல் குழம்பும் காலத்தில், வைகாசி முதல் புரட்டாதி வரை, இந்தக் கரையில் கரைவலைக்கு ஓய்வு. வேறு கரைகளுக்குத் தொழிலுக்குப் போகாமல் ஊரில் நிற்பவர்களுக்கு அது நீண்ட காலம், கையில் காசும் இல்லாத காலம். மனம் இறங்குவதும் குடி ஏறுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் வாரம் ஒரு மாலை, வாடியில் கூடுங்கள். வட்டமாக இருங்கள், மேடை வேண்டாம், ஒலிவாங்கி வேண்டாம், பரிசு கொடுக்க அதிதி வேண்டவே வேண்டாம். நிற்க முடிந்தவர்கள் ஒரு பழைய கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், முதுகு வலிக்காரர் கதிரையில் இருந்து பதில் போடட்டும். மூத்த முன்பாட்டுக்காரர் தொடங்கட்டும், ஆனால் ஒவ்வொரு மாலையும் ஓர் இளந்தாரி ஓரடியாவது எடுக்க வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கம் பிளேன்டீக்கும் சீனிக்கும் செலவு பார்த்தால் போதும்.

பழைய அடிகளையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அம்பாவில் எப்போதும் புது அடி கட்ட இடம் இருந்தது. சாமியைக் கூப்பிட்ட மூச்சிலேயே சம்மாட்டியைக் கிண்டல் பண்ணலாம், மீன் விலையைத் திட்டலாம், போன வருடம் வாங்கிய கடனைச் சொல்லி அழலாம். நேருக்கு நேர் சொன்னால் சண்டையாகும் வார்த்தை பாட்டில் வந்தால் சம்மாட்டியும் சிரித்துக்கொண்டு பதில் போடுவார். மனதில் இருப்பதை நாலு பேர் முன்னால் சொல்லி இறக்கிவைக்க, வெட்கப்படாமல் போகக்கூடிய வேறு இடம் நம் ஆண்களுக்கு ஏது? வின்ச் பற்றியும் ஓர் அம்பா கட்டுங்கள், டீசல் விலையையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயிறு காயும்போது பாட்டா என்று கேட்பீர்கள். நியாயம். பாட்டு அடுப்பில் உலை வைக்காது, அதற்கான போராட்டம் தனியே நடக்கத்தான் வேண்டும். ஆனால் உடப்புத் திரௌபதை அம்மன் திருவிழாவுக்கு எந்தக் கடன்காரனும் வராமல் இருப்பதில்லை. தீமிதிப்பு நாளில் ஊர் முழுக்க ஒரே குரலாக நிற்பதைப் பார்த்தவன் நான். கூடத் தெரியாத ஊர் இல்லை இது. வருடத்துக்கு ஒருமுறை கூடுகிறவர்களை வாரத்துக்கு ஒருமுறை கூடச் சொல்கிறேன், அதுவும் நெருப்பில்லாமல்.

சோளகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பாட்டுத் தெரிந்த மூத்தவர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று முதலில் ஒரு கணக்கெடுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய், அண்ணன், வந்து முன்பாட்டு எடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காமல் அவர்கள் வரமாட்டார்கள். நாள் குறித்ததும் எனக்கும் சொல்லி அனுப்புங்கள். முன்பாட்டுக்கு என் குரல் ஆகாது, பின்பாட்டுக்கு வருகிறேன்.